பட்டைச் சில்லு

எதிர் வீட்டு மருமகள் சமையல் வகுப்பு ஆரம்பித்திருக்கிறாள். கேக், பிஸ்கெட், பன் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறாளாம். சாயங்காலமானால் மாடிப்படி முழுக்க வெண்ணெய் வாசனை. நேற்று கதவைத் தட்டி ஒரு கிண்ணத்தை நீட்டினாள். உள்ளே துவரம்பருப்பு அளவில், பழுப்பு நிறத்தில், உடைத்த ஓடு மாதிரி சில்லுகள்.

"டீச்சர், இது சின்னமன் சிப்ஸ். கடையில வாங்கல, நானே பண்ணினேன். சர்க்கரை, பட்டைத்தூள், வெண்ணெய், கொஞ்சம் பாகு, அவ்ளோதான். பன்னுக்குள்ள போட்டுச் சுட்டா பிரமாதமா இருக்கும். உங்க காலத்துல இதெல்லாம் ஏது?"

"ஏதும்மா" என்றேன்.

கதவைச் சாத்திய பிறகு எனக்கே என்னைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, சிரிப்பு என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன். எண்பதை எட்டிப்பிடிக்கப் போகிறேன். யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு சின்ன உண்மை, அதைக்கூடச் சொல்ல வாய் வரவில்லை. தானாகவே 'ஏது' என்கிறது. இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னைப் பார்க்கப் போவதில்லை, நானும் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வெட்கமான விஷயத்தைச் சொல்ல இதைவிட வசதி கிடைக்காது.

முப்பதுகளின் கடைசி. திண்டிவனத்தில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. நாங்கள்தான் அதைத் தெரு என்போம், ஊரில் சேரி என்பார்கள். நைனா மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்கினார். அம்மா அதே மண்டியில் மல்லாட்டை உரித்தாள். மல்லாட்டை வராத மாதங்களில் ஒரு டாக்டர் துரைசாணியின் பங்களாவில் பாத்திரம் தேய்த்தாள். அந்த பங்களாவுக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு பட்லர் வந்திருந்தார். துரைசாணி டீயோடு தின்கிற பன்னுக்குள் போட அவர்தான் இந்தச் சில்லுகளைச் செய்வார். அம்மா சாம்பலும் புளியுமாகக் கரி தேய்த்துக்கொண்டே பார்த்திருக்கிறாள். பார்ப்பதற்கு யார் தடை சொல்ல முடியும்?

துரைசாணி சீமைக்குக் கப்பல் ஏறினாள். பட்லர் புதுச்சேரிக்கே திரும்பினார். அம்மா ஒரு பழைய தகரத் தட்டோடு வீட்டுக்கு வந்தாள். போகும்போது துரைசாணி கொடுத்தது அது.

அந்தத் தட்டில் அம்மா முதலில் செய்தது கரிக்கட்டை. இரண்டாவது செய்தது பிசின். தட்டை விட்டு வரவே வராது, நானும் தம்பியும் நக்கித்தான் எடுத்தோம். பட்லரிடம் இரும்பு அடுப்பு இருந்தது, சீமைச் சர்க்கரை இருந்தது. எங்களிடம் அனந்தபுரம் சந்தையில் வாங்கின வெல்லம் இருந்தது. அம்மா அகலமான மண் சட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்த்து, அதன் முதுகில் நெருப்புத் துண்டுகளை அடுக்கினாள். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. வெல்லத்தைப் பொடித்து, பட்டையை இடித்துச் சலித்து, வெண்ணெயும் கொஞ்சம் வெல்லப்பாகும் விட்டு, புட்டுக்குப் பிசைகிற மாதிரி உதிரியாகப் பிசைவாள். தட்டில் மெல்லிசாகத் தட்டி உள்ளே வைத்தால், கொஞ்ச நேரத்தில் அது முழுக்க இளகிக் கொப்புளம் கொப்புளமாக வரும். அப்போது எடுத்துவிட வேண்டும். ஆறினதும் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். கத்தி முதுகால் தட்டி உடைப்பாள். பட்டை போட்டது, சுக்கு போட்டது, ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து இடித்துப் போட்டது என்று மூன்று தினுசு. எங்களுக்கு அதற்குப் பேர் கிடையாது. உடைகிற சத்தத்தை வைத்துச் சில்லு என்றோம்.

நைனா ஒரு தடவை வேகன் ஏற்ற விழுப்புரம் போனபோது மடியில் கொஞ்சம் முடிந்துகொண்டு போயிருக்கிறார். விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ரொட்டிக்கடை, அதை நடத்தியவர் ஒரு பாய். நைனா அங்கே டீ குடித்துக்கொண்டே சில்லைக் கடித்தாராம். பாய் ஒன்று வாங்கி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது? எங்க வாங்கினே?" என்று நைனாவின் தோளைப் பிடித்துக்கொண்டாராம்.

அன்றிலிருந்து வெண்ணெயும் பட்டையும் வெல்லமும் பாய் கொடுப்பார். அம்மா செய்து தகர டின்னில் போட்டு பாசஞ்சர் வண்டியில் எடுத்துப் போவாள். பாயும் அவர் கடையிலேயே செய்து பார்த்தார், கருகிப் போயிற்று. "எனக்கு இது வர்ல தங்கச்சி. நீயே கொண்டா, ஆனா ஜல்தியா கொண்டா" என்றார். ரயிலில் அம்மா ஏறினால் பெட்டி முழுக்க மணக்கும். பெஞ்சில் இருப்பவர்கள் மூக்கை உறிஞ்சி, யாரோ பெரிய மனுஷர் வீட்டுப் பலகாரம் போகிறது என்று சுற்றிப் பார்ப்பார்கள். அம்மா கதவோரம் கீழே உட்கார்ந்திருப்பாள். அவளை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். எங்கள் வீட்டில் உடைத்த சில்லு விழுப்புரம் போய், பன்னுக்குள் புகுந்து, சூடாறுவதற்குள் அடுத்த வண்டியில் திண்டிவனத்துக்கே திரும்பி வரும். கடைவீதியில் ஒரு கடைக்காரர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைப்பார். அந்தக் கடைக்கு முன்னால் நாங்கள் தள்ளித்தான் நிற்க வேண்டும். எங்கம்மா செய்ததை, எங்களுக்குக் கடைக்காரர் மேலேயிருந்து போடுவார், நாங்கள் பாவாடையை விரித்து ஏந்திக்கொள்வோம். அந்த வயசில் எனக்கு அதில் வருத்தம் கூடக் கிடையாது. பன் கிடைத்ததே என்றிருக்கும்.

நான் ஊருக்குள் இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தேன். எங்கள் தெருவிலிருந்து நானும் அஞ்சலையும்தான். மூலையில் எங்களுக்குத் தனியாக ஒரு பாய் விரித்திருக்கும். மரகதம் டீச்சர் நல்லவர். எங்கள் சிலேட்டைக் கையால் வாங்கிப் பார்த்த டீச்சர் அவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் தரையில் வைக்கச் சொல்லிக் குனிந்து பார்ப்பார்கள். மரகதம் டீச்சர் கேள்வி கேட்டால் நான்தான் முதலில் கையைத் தூக்குவேன். தெரிந்தாலும் தூக்குவேன், தெரியாவிட்டாலும் தூக்கிவிட்டு யோசிப்பேன். அப்படி ஒரு அதிகப்பிரசங்கி.

மண்டி முதலாளியின் மகள் கமலா என் வகுப்பு. நைனா மூட்டை தூக்கின அதே மண்டி. கமலாவுக்குப் பிறந்தநாள் என்று ஒருநாள் அவள் வீட்டிலிருந்து கூடை நிறையப் பன் வந்தது. டீச்சர் எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கும் அஞ்சலைக்கும் கையிலேயே கொடுத்தார். வகுப்பு முழுக்கப் பட்டை வாசனை. கமலா பன்னைப் பிட்டு, உள்ளே பாதி கரைந்தும் பாதி கரையாமலும் நின்ற சில்லை விரலால் நோண்டி எடுத்தாள்.

"டீச்சர், இத எதுல செய்வாங்க?"

டீச்சருக்குத் தெரியவில்லை. "இது சீமையிலேர்ந்து கப்பல்ல வருது. இங்கல்லாம் செய்ய முடியாது" என்றார்.

என் கை மேலே போயிற்று. அது எப்போது போயிற்று என்று எனக்கே தெரியாது.

"இல்ல டீச்சர். எங்கம்மா செய்யறாங்க. வெல்லத்துலதான். விழுப்புரம் பாய் கடைக்கு எங்க வூட்லேர்ந்துதான் போவுது."

எனக்கு விடை தெரிந்த சந்தோஷம். டீச்சர் 'சபாஷ்' சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மென்றுகொண்டிருந்த சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. முன் வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். அவள் துப்பினதைப் பார்த்து இன்னொருத்தி ஓடினாள். ஒரு சின்னப் பெண் அழவே ஆரம்பித்தது, வீட்டில் அடிப்பார்கள் என்று. கமலா மட்டும் எழுந்திருக்கவில்லை. பிட்ட பன்னை மடியில் வைத்துக்கொண்டு, தின்பதா போடுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"உக்காரு" என்றார் டீச்சர். சத்தம் போடவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார்.

கடித்த பன்களெல்லாம் கூடைக்குத் திரும்பிப் போயின. என் கையிலிருந்த பன்னை என்ன செய்வதென்று தெரியவில்லை. வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எல்லாரும் பார்க்கிறார்கள். அதனால் தின்றுவிட்டேன். அவ்வளவு பேர் பார்க்க, தலையைக் குனிந்துகொண்டு, முழுசாக. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

"ஏண்டி சொன்னே?" என்று அஞ்சலை கிசுகிசுத்தாள். அவளும் தின்றுகொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் நைனாவை மண்டி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "உம் பொண்ணு பள்ளிக்கூடத்துல என்னமோ சொல்லிச்சாமே. மொதலாளி வூட்ல ஒரே ரகளை. தெளிவாவுற வரைக்கும் வராத" என்று கணக்குப்பிள்ளை சொன்னாராம். கடைவீதிக் கடைக்காரர் பன் கூடையைப் பிரிக்காமலே விழுப்புரத்துக்குத் திருப்பி அனுப்பினார். மத்தியானம் பாய் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். வேர்த்து விறுவிறுத்து, குல்லாவைக் கழற்றி விசிறிக்கொண்டு எங்கள் வாசலில் உட்கார்ந்தார்.

"பேஜாராப் போச்சு தங்கச்சி. திண்டிவனம் போனா போவட்டும். விழுப்புரத்துலயும் பரவிச்சின்னா கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான். குழந்தைய ஒண்ணும் சொல்லாத. அது உள்ளதத்தான் சொல்லிச்சு."

அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் சொம்பை வாங்கி வைத்தாள். பிறகு, "நான் பாத்துக்கறேன், நீங்க போங்க பாய்" என்றாள். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒன்ன யாரு கேட்டா?"

கமலா கேட்டாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் அம்மா குளித்தாள், இருந்ததில் நல்ல புடவையைக் கட்டினாள், என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கணக்குப்பிள்ளையும் கடைக்காரரும் வந்திருந்தார்கள். சொல்லி அனுப்பியிருப்பாள் போலிருக்கிறது. அவர்களும் மரகதம் டீச்சரும் வராந்தாவில் நின்றார்கள். வகுப்புப் பெண்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவும் நானும் கீழே மண்ணில்.

அம்மா கையைக் கூப்பினாள்.

"நான் மல்லாட்டை உரிக்கிறவ சாமி. கேப்பைக் கூழு காய்ச்சத் தெரியும், அதுக்கு மேல அடுப்புல ஒண்ணும் தெரியாது. இந்த சீமைப் பண்டத்த நான் கண்ணால பாத்ததில்ல. இது பெருமைக்குப் பொய் சொல்லிக்கினு திரியுது. மனசுல வச்சிக்காதீங்க."

நான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். இதை எப்படிச் சொல்வேன்? அவள் பேசப் பேச அவளிடமிருந்து வாசனை வந்துகொண்டே இருந்தது. குளித்தால் போகிற வாசனையா அது! வருஷக்கணக்காகப் புடவையிலும் தலைமுடியிலும் நகக்கண்ணிலும் ஏறின பட்டை வாசனை. அவள் கூப்பின கையிலிருந்தே வந்தது. காற்று வேறு வராந்தாப் பக்கம் வீசிற்று. கடைக்காரரின் மூக்கு அசைந்ததை நான் பார்த்தேன். கணக்குப்பிள்ளை துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிற மாதிரி வைத்துக்கொண்டார். டீச்சர் அம்மாவின் கையையே பார்த்தார். நாள் தவறாமல் அந்தப் பன்னைத் தின்றவர்கள். எது எந்த வாசனை என்று அவர்களுக்குத் தெரியாதா?

கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். "அதானே பாத்தேன்! இதுங்களுக்கு இது எங்க வரப்போவுது!" என்றார். கணக்குப்பிள்ளையும் சிரித்தார். எல்லாருக்கும் பெரிய நிம்மதி. பன் திரும்ப வரப்போகிறதே.

"புள்ளைங்க முன்னாடி அது வாயால சொல்லட்டும்" என்றார் கணக்குப்பிள்ளை.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா" என்றார். நான் சொல்லவில்லை. நான் பொய் சொல்லவில்லையே, எதைச் சொல்வது? பிரம்பு எங்கே என்று கணக்குப்பிள்ளை கேட்டார். அதற்குள் அம்மாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அம்மா என்னை அதுவரைக்கும் அடித்ததே இல்லை.

"சொல்லுடி."

"பொய் சொன்னேன்" என்றேன். "எங்கம்மாவுக்கு அது செய்யத் தெரியாது."

கன்னத்திலும் அந்த வாசனைதான். வகுப்பில் போய் உட்கார்ந்து அழக்கூட முடியவில்லை. மூச்சை இழுத்தால் அம்மா வாசனை வந்தது.

நைனாவை மண்டியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் பன் மறுபடி அடுக்கப்பட்டது. துப்பின பெண்கள் மறுபடி வாங்கித் தின்றார்கள். எனக்குப் பொய்க்காரி என்று பேர் வந்தது. கையைத் தூக்குவதை விட்டுவிட்டேன். ஒருநாள் மணியடித்து எல்லாரும் வெளியே போனபோது கமலா நாங்கள் உட்காருகிற பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ பொய் சொல்லல இல்ல?" என்றாள், யாருக்கும் கேட்காமல்.

"பொய்தான்" என்றேன்.

அவள் சிலேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நல்ல பெண். அவளுக்கு அப்படி ஒரு பதிலைச் சொன்னதற்கும் சேர்த்துதான் வெட்கப்படுகிறேன். ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் அதை வைத்துக்கொண்டு அவள்தான் என்ன செய்திருப்பாள், பாவம்.

வீட்டில் அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. விழுப்புரம் கிளம்புமுன் கையில் புளியைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். முன்னெல்லாம் சில்லு உடைக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து சிதறுகிறதைப் பொறுக்குவேன். அதற்கப்புறம் அந்தச் சத்தம் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவேன். அம்மா கூப்பிட்டதும் இல்லை. எனக்கு அவள்மேல் கோபமா என்று கேட்டால், கோபம் இல்லை. கீழே மண்ணில் நின்று அவள் கைகூப்பினதை நான் பார்த்துவிட்டேன், நான் பார்த்தேன் என்று அவளுக்கும் தெரியும். ஒரே வீட்டில் அதை வைத்துக்கொண்டு எங்கே முகத்தைத் திருப்புவது? அதுதான் கஷ்டமாக இருந்தது.

யுத்தம் வந்தது. சர்க்கரை கிடைக்கவில்லை, மைதா கிடைக்கவில்லை, வெல்லம்கூட யானை விலை. பாய் அடுப்பை அணைத்துவிட்டு, வாணியம்பாடிப் பக்கம் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகுமுன் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். அம்மா முழு நேரமும் மல்லாட்டைக்கே போனாள். அவள் அன்றைக்குச் சொன்னது ஒருவழியாக உண்மையாகிவிட்டது.

நான் எப்படியோ படித்துவிட்டேன். டிரெயினிங் முடித்து, நாற்பதுகளின் கடைசியில் விழுப்புரத்தில் எனக்கு வேலை கிடைத்தது. நைனா அதற்குள் காலமாகிவிட்டார், தம்பி ரயில்வே கூலியாக வெளியூர் போய்விட்டான். அம்மா என்னோடு வந்தாள். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் மரகதம் டீச்சர் வந்து நின்றார். புதுச்சேரியில் கண்ணைக் காட்டப் போகிறாராம், வண்டி மாறுகிற நேரத்தில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். தலை முழுக்க நரைத்திருந்தது. எங்கள் டம்ளரில் வாய் வைத்துக் காப்பி குடித்தார். நான் டீச்சரானதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு எனக்குத் தெரியும்மா. அங்க நின்ன எல்லாருக்குமே தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. இத்தனை வருஷமா அது..."

அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்திச் சிரித்தாள்.

"என்னைக்கு டீச்சரம்மா? ஓ, அந்தச் சில்லா? அது இந்தப் பொண்ணு சின்னதுல அளந்த கதையாச்சே! நீங்க இன்னும் ஞாபகம் வச்சிக்கினு இருக்கீங்களே. எனக்கு எங்க அதெல்லாம் தெரியும்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அப்போது சம்பளம் வாங்குகிற உத்தியோகக்காரி, சொந்தச் சாவியால் வீட்டைத் திறக்கிறவள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீச்சரைப் போலவே நானும் சொல்லவில்லை. அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்கு நேரமாயிற்று என்று எழுந்தார். வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அம்மாவைக் கேட்டேன்.

"ஏம்மா? அவங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

அம்மா அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"சொன்னா அந்தம்மா அழுதுட்டு நிம்மதியாப் போயிடும்" என்றாள். "அப்பறம் நான் இன்னா பண்றது?"

அதைப் பற்றி அவள் அப்புறம் சாகிறவரைக்கும் பேசவில்லை.

பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். மண்டியை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். திண்டிவனத்தில் லைனுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு இருந்த இடம் பாலத்துக்கு அடியில் போய்விட்டது. ஒரு தடவை பஸ்ஸில் அந்தப் பாலத்தின்மேல் போனேன், எந்தத் தூணுக்குக் கீழே எங்கள் அடுப்பு இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. டீச்சர் போய்விட்டார். கடைக்காரரும் கணக்குப்பிள்ளையும் எப்போதோ போயிருப்பார்கள். அஞ்சலை போன வருஷம் போனாள். கமலா எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்று தெரியவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தையும் வராந்தாவோடு சேர்த்து இடித்துவிட்டார்கள்.

நான் பொய் சொன்னேன் என்று நினைத்தவர்களும் இன்றைக்கு இல்லை, சொல்லவில்லை என்று தெரிந்தவர்களும் இல்லை. எங்கம்மாதான் செய்தாள் என்று இன்னொரு தடவை கையைத் தூக்கிச் சொல்லலாம் என்றால், அந்த வகுப்பில் இப்போது யாருமே இல்லை.